தீர்ப்புகள் காவல் நிலையம் வரை வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டம் கடந்த பத்தாண்டுகளில் எட்டிய மைல்கற்களைத் தொகுத்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்பொருளைக் கிசுகிசுவாகவோ அதிர்ச்சிச் செய்தியாகவோ ஆக்காமல், நிதானமாக எழுத இடம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரை, மனமொத்த ஒருபால் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதைப் போல நின்றுவிட்டது. மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் நெடுங்காலமாகத் தொழில் செய்துவருகிற வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வாழும் தன்பாலீர்ப்பாளர்களின் அன்றாட வாழ்க்கையைத் தொட்ட மாற்றங்களில் முக்கியமானவை அந்தத் தேதிக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாக வந்தவை. அவை இன்னும் காவல் நிலையங்களை முழுமையாக வந்தடையவில்லை என்பதே என் கவலை.

முதலில், இந்தப் பத்தாண்டு ஒரு தோல்வியில் தொடங்கியது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஒருபால் உறவை, வயதுவந்த இருவர் மனமொத்து ஈடுபட்டாலும் கூட, ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 1860இல் ஆங்கிலேய அரசு இயற்றியது. எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்களுக்கு அது பெரும் இடையூறாக இருந்ததால், நாஸ் அறக்கட்டளை 2001இல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, நீதிபதி எஸ். முரளிதர் ஆகியோர் அடங்கிய அமர்வு, 2009 ஜூலை 2 அன்று, மனமொத்த வயதுவந்தோருக்கு அப்பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள்கள் முன்புதான் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்திருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பேர் பெற்றோரிடமும் நண்பர்களிடமும் தங்களைப் பற்றி வாய்திறந்து சொன்னார்கள். சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னவர்கள் அவர்கள்.

2013 டிசம்பர் 11 அன்று, நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, எஸ்.ஜே. முகோபாத்யாய ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அத்தீர்ப்பை ரத்து செய்தது. தன்பாலீர்ப்பாளர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்பதும், ஏறத்தாழ 150 ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவானவர்கள் மீதே வழக்குத் தொடரப்பட்டுள்ளது என்பதும் அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் அடக்கம். குற்றவியல் நீதிமன்றங்களில் புழங்கும் எவருக்கும் இந்தக் கணக்கின் பிழை உடனே புரியும். 377ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு வந்து தண்டனையில் முடிவது அரிது. அதன் வேலையெல்லாம் வெளியில் நடந்தது. பேருந்து நிலையத்தின் பின்புறத்திலோ பூங்காவிலோ பிடிபட்ட இளைஞனிடம் ‘வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிக் கைக்கடிகாரத்தையும் சம்பளப் பணத்தையும் பறிப்பதற்கு முதல் தகவல் அறிக்கை தேவைப்படவில்லை, பிரிவின் எண்ணைச் சொன்னாலே போதுமாக இருந்தது. அப்படிப் பறிகொடுத்தவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. அந்த வழக்கில், தன்பாலீர்ப்புடைய பிள்ளைகளைப் பெற்ற பெற்றோர் சிலரும் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனு செய்திருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். தங்கள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக நடத்தும் சட்டம் குடும்பங்களைச் சிதைக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்தக் குரலுக்குச் செவிசாய்த்திருந்தால் ஐந்தாண்டுத் துன்பம் மிச்சமாகியிருக்கும்.

நான்கே மாதங்களில், 2014 ஏப்ரல் 15 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு திருநங்கை, திருநம்பி முதலிய திருநர்களின் பாலின அடையாளத்தை அவர்களே தீர்மானிக்கும் உரிமையை அங்கீகரித்தது. ஒருவருடைய அடையாளத்தை மதித்துக்கொண்டே, அவர் அன்புகொள்வதைக் குற்றமாக்கும் முரண்பாட்டோடு நாடு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. நாடாளுமன்றமும் இந்த இரட்டைநிலையைத்தான் காட்டியது. 2015 ஏப்ரலில், திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது; தனிநபர் மசோதா அவ்வாறு நிறைவேறியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அதே ஆண்டு டிசம்பரில் 377ஆம் பிரிவைத் திருத்துவதற்கான மசோதாவை சசி தரூர் மக்களவையில் அறிமுகம் செய்ய முயன்றபோது, 71க்கு 24 என்ற வாக்குகளில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தனிநபர் மசோதாவை அறிமுக நிலையிலேயே தடுப்பது வழக்கத்தில் இல்லாதது. விவாதித்து நிராகரித்திருந்தால் கூட ஏற்கலாம். விவாதிக்கவே மறுத்தது, மக்கள் பிரதிநிதிகள் இப்பொருளை நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிட்டு விலகிக்கொண்டதையே காட்டியது.

என் பார்வையில், இந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய திருப்பம் தங்கள் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன 2017 ஆகஸ்ட் 24. ஆதாரை எதிர்த்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கிலிருந்து எழுந்த கேள்வி அது: அந்தரங்கம் அடிப்படை உரிமையா, இல்லையா? அதற்கும் தன்பாலீர்ப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய முதன்மைத் தீர்ப்பு 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெயர் சொல்லியே கண்டித்தது. பாலீர்ப்பு அந்தரங்கத்தின் இன்றியமையாத பகுதி என்றும், ஓர் உரிமையைக் கோருவோர் சிலரே என்பது அதை மறுப்பதற்கான காரணம் ஆகாது என்றும் அது கூறியது. சட்டம் படித்தவர்களுக்கு 377 விழப்போகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. எஞ்சியிருந்தது நடைமுறைதான்.

2018 தீர்ப்பைப் பற்றித் தங்கள் கட்டுரை விரிவாகவே சொல்லிவிட்டது. நாட்டியக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர் முதலியோர் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்தார்கள். காலம் தாழ்ந்து கிடைத்த நீதிக்காக இம்மக்களிடமும் இவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். நான் சேர்க்க விரும்புவது நீதிபதி நாரிமனின் தீர்ப்பில் உள்ள ஒரு பகுதியை. இத்தீர்ப்பைத் தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகங்கள் வழியாக மத்திய அரசு பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும் என்றும், அரசு அலுவலர்களுக்கு, குறிப்பாகக் காவல்துறையினருக்கு, அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அவர் உத்தரவிட்டார். நான் தொழில்ரீதியாகச் சென்றுவரும் காவல் நிலையங்களில் சைபர் குற்றம், போதைப்பொருள், குழந்தைத் திருமணம் பற்றியெல்லாம் சுவரொட்டிகளைப் பார்க்கிறேன். இத்தீர்ப்பைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 2019 ஏப்ரலில், தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். ஆண், பெண் என்று தெளிவாக வகைப்படுத்த முடியாத உடற்கூறோடு பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையின்றிச் செய்யப்படும் பாலின அறுவைச் சிகிச்சைகளைத் தடைசெய்யவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதற்கான அரசாணையை வெளியிட்டது. இதில் தமிழ்நாடே முன்னோடி.

அடுத்து வந்தது, ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களிலும் முதலிடம் பெற வேண்டிய 2021 ஜூன் 7ஆம் தேதி ஆணை. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். இருவரின் பெற்றோரும் ‘பெண் காணவில்லை’ என்று புகார் கொடுத்தார்கள். போலீசார் விசாரணைக்கு வந்ததும், பாதுகாப்புக் கேட்டு அப்பெண்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பியதோடு நிற்காமல், தனக்கே இப்பொருளில் முழுத் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே உளவியலாளரிடம் தானும் அமர்வுக்குச் சென்று கற்றுக்கொண்டு வந்து ஆணை எழுதினார். தன்னுடைய முன்முடிவுகளை ஆணையிலேயே பதிவு செய்த நீதிபதியை என் தொழில் வாழ்க்கையில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த ஆணை வெறும் நல்லெண்ணத்தோடு முடியவில்லை. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றிவிடலாம் என்று நடத்தப்படும் ‘சிகிச்சை’களை அது தடைசெய்தது. காணாமல் போனதாகப் புகார் செய்யப்பட்டவர்கள் வயதுவந்தவர்கள் என்றும், மனமொத்து வாழ்பவர்கள் என்றும் தெரியவந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, எவ்விதத் தொல்லையும் கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்குக் கட்டளையிட்டது. தொடர்ந்து பிறப்பித்த உத்தரவுகளின் விளைவாக, 2022இல் தமிழ்நாட்டுக் காவல் சார்நிலை அலுவலர்களின் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலிய பால்புதுமையினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அவ்விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ மன்றங்களுக்குத் தெரிவித்தது. இரண்டு இளம்பெண்களின் மனு ஒன்று இந்திய மருத்துவத் தொழிலின் ஒழுங்குமுறையையே மாற்றியிருக்கிறது.

இவ்வளவும் நடந்த பிறகு ஒரு காவல் நிலையத்தில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் ஒன்றாக வேலை பார்த்து, வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்த இரண்டு பெண்கள். இருவரும் 18 வயது கடந்தவர்கள். பிறப்புச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தன. ஒருத்தியின் குடும்பத்தார் கொடுத்த புகாரின் பேரில் இருவரையும் நிலையத்துக்கு வரவழைத்திருந்தார்கள். நான் போனபோது இருவரின் கைபேசிகளும் எழுத்தர் மேசை இழுப்பறைக்குள் இருந்தன. வாசலில் ஒரு வேன் நிறைய உறவினர்கள். ‘உங்க ரெண்டு பேர்ல யாரும்மா ஆம்பளை?’ என்று ஒரு பெண் காவலர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார், சிலர் சிரித்தார்கள். நான் உயர் நீதிமன்ற ஆணையின் நகலையும் 24-சி விதியையும் கொடுத்தேன். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, ‘இது மெட்ராஸ் ஆர்டர் சார், எங்களுக்கு சர்க்குலர் எதுவும் வரலையே’ என்றார். பெண்களில் இளையவள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘சார், எங்க மேல என்ன கேஸ்?’ எந்த வழக்கும் இல்லை. ஆனாலும் மாலைக்குள், ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் என் பெற்றோருடன் செல்கிறேன்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அவளை அந்த வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியம் அவளுடையது அல்ல. எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதியது.

இது ஒரு நிலையத்தின் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் தீர்ப்பளித்த ஆட்கொணர்வு வழக்கைப் பாருங்கள். 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய குடும்பத்தார் அடைத்துவைத்திருப்பதாக அவருடைய துணைவி மனு செய்தார். அந்த மனுவில் கூடத் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்றுதான் அவரால் எழுத முடிந்தது. அந்தத் தயக்கத்தைத் தாங்கள் புரிந்துகொள்வதாக நீதிபதிகள் எழுதினார்கள். அடைத்துவைக்கப்பட்ட பெண்ணிடம் நீதிபதிகள் நேரில் பேசியபோது, தான் வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடிக்கப்பட்டதையும், ‘சரியாக்க’ வேண்டும் என்று சடங்குகளுக்கு உட்படுத்தப்பட்டதையும் அவர் சொன்னார். மகனின் பாலீர்ப்பை வெளிப்படையாக ஏற்று எழுதிய நீதிபதி லீலா சேத்தைப் போன்ற பெற்றோர் இந்நாட்டில் உண்டு. எல்லாப் பெற்றோரும் அப்படியில்லை என்பதையும் தீர்ப்பு கனிவோடு குறிப்பிட்டது. அதன்பின் அந்தப் பெண் எங்கும் செல்லலாம், எவருடனும் வாழலாம் என்று ஆணையிட்ட அமர்வு, மனு கொடுத்தும் கண்டுகொள்ளாத காவல்துறையைக் கண்டித்தது. திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று அத்தீர்ப்பு சொன்னது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்ட ஒன்றை மீண்டும் ஒருமுறை சொல்ல ஓர் உயர் நீதிமன்ற அமர்வு தேவைப்பட்டது என்பதில்தான் கவலை இருக்கிறது. ஆட்கொணர்வு மனு போடத் துணைவி ஒருவர் இல்லாத பெண்களின் கதி என்ன?

ஒருபால் திருமணத்தைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையில்லை என்றார்கள். இணையராக வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் தேவை என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் கருதினாலும் மற்ற மூவரும் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. அந்த வழக்கில் மத்திய அரசு அளித்த உறுதியின்படி அமைந்த குழுவின் பயனாக, 2024இல் சில சுற்றறிக்கைகள் வந்தன: ஒருபால் இணையரை ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கி ஒருவரையொருவர் நியமனதாரராகக் குறிப்பிடலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைப் பெற்றுக்கொள்ளும் உரிமை இணையருக்கு உண்டு. இவை சிறியவை என்று சிலர் சொல்லக்கூடும். மருத்துவமனையில் கையெழுத்துப் போட ‘நீங்கள் யார்?’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு இவை சிறியவை அல்ல. ஆனால் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. கவுன்ட்டரில் இருப்பவர் ஏற்க மறுத்தால் முறையிட வழியில்லை.

இங்கேதான் தமிழ்நாடு சட்டமன்றத்தின் பொறுப்பு வருகிறது. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப்பட்டியலில் உள்ளவை. டெல்லி வழிகாட்டட்டும் என்று தமிழ்நாடு காத்திருந்ததில்லை. ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாதவை என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்த நிலையில், அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கிய மாநிலம் இது. மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு தரும் திருத்தத்தை 1989இல் நாம் செய்தோம். மத்திய அரசு 2005இல்தான் செய்தது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணைந்து வாழும் இருவர் தங்களுக்குள் ‘குடும்ப இணைவு ஒப்பந்தம்’ செய்து பதிவுசெய்துகொள்ளும் முறையைப் பரிசீலிக்குமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். அதற்குச் சட்டவடிவம் கொடுப்பது, மேற்சொன்ன இரண்டு சட்டங்களைச் செய்த மன்றத்துக்குப் புதிய துணிச்சலைக் கோரும் காரியம் அல்ல. 2025 ஜூலையில் வெளியான மாநிலக் கொள்கை திருநர்களுக்கும் இடைப்பால் மக்களுக்குமானது. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். தன்பாலீர்ப்புடைய ஆண்களும் பெண்களும் அதன் வரம்புக்குள் வரவில்லை.

இன்னொரு குறையையும் குறிப்பிட வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவு முழுவதுமாக விடுபட்டுவிட்டது. மனமொத்த உறவைக் குற்றமாக்கிய பகுதியை மட்டுமே 2018 தீர்ப்பு நீக்கியது. சம்மதமில்லாத வன்செயலுக்கு அப்பிரிவு தொடர்ந்து பொருந்தும் என்று தெளிவாகவே சொன்னது. இப்போது ஓர் ஆணோ திருநங்கையோ பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானால், அக்குற்றத்துக்கென்று அந்தச் சட்டத்தில் உரிய பிரிவு இல்லை. காயம் விளைவித்தல் போன்ற பிரிவுகளுக்குள் அதைத் திணிக்க வேண்டியிருக்கிறது. கைபேசிச் செயலியில் பழகி, தனியிடத்துக்கு வரவழைத்து, அடித்து, படமெடுத்துப் பணம் பறிக்கும் கும்பல்களிடம் சிக்கும் இளைஞர்களுக்கு இது எத்தனை பெரிய ஓட்டை என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே அரசிடம் நான் கேட்பது இவைதான். 24-சி விதியையும் 2021 ஆணையின் காணாமல்போனோர் பற்றிய பகுதியையும் தமிழில் அச்சிட்டு, காவல்துறைத் தலைமை இயக்குநரின் சுற்றறிக்கையாக ஒவ்வொரு நிலையத்துக்கும், குறிப்பாக அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும். வயதுவந்த பெண்ணின் வாக்குமூலத்தை உறவினர்கள் இல்லாத இடத்தில், தேவைப்பட்டால் குற்றவியல் நடுவர் முன்னிலையில் பதிவுசெய்ய வேண்டும். வீட்டுக்குப் போக விரும்பாதவர்கள் தங்குவதற்கு மாவட்டத்துக்கு ஓர் இடமேனும் வேண்டும்; இன்று மாவட்டங்களில் அப்படி ஒரு பெண்ணை எங்கே அனுப்புவது என்று கேட்டால், என்னைப் போன்ற வழக்கறிஞர்களால் சென்னையிலுள்ள தொண்டு நிறுவனங்களின் தொலைபேசி எண்களைத்தான் தர முடிகிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘தோழியுடன் மாயமான இளம்பெண்’ என்ற வகைச் செய்திகள் பெயர், ஊர், தந்தை பெயர், சில வேளைகளில் புகைப்படம் வரையிலும் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. காவல் நிலையம் தரும் குறிப்பை அப்படியே அச்சிடும்போது, அந்தப் பெண்ணைத் தேடி வேன் எடுத்து வருபவர்களுக்கு நாளிதழே வழிகாட்டியாகிவிடுகிறது. வயதுவந்தவர்கள் மனமொத்துச் சேர்ந்து வாழ்வதாகத் தெரியவரும் நேர்வுகளில் அடையாளங்களை வெளியிடுவதில்லை என்ற முடிவைத் தங்கள் ஆசிரியர் குழு எடுத்து, அதை மாவட்ட நிருபர்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
வழக்கறிஞர், திண்டுக்கல்